காப்டன் குக்

இங்கிலாந்தின் வடகீழ்க் கரையில் விட்பி என்னும் சிறு துறைமுகம் உள்ளது. பதினெட்டாம் நூற்றாண்டில் அங்கே நிலக்கரி சுமக்கும் மரக்கலங்கள் பல கட்டப்பட்டன. அவற்றில் அழகும் இல்லை; விரைவும் இல்லை. அகன்ற வயிறும் தட்டையான அடியும் உடையவை அவை. கரித்தூள் படிந்த அத்தகைய கலமொன்றே பின்னாளில் உலகைச் சுற்றி வந்தது. அதனைச் செலுத்தியவரும் கரிக் கலங்களில் தொழில் பயின்றவரே. அவர் பெயர் ஜேம்ஸ் குக்.

குக், 1728-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 27-ஆம் நாள், யார்க்‌ஷயரிலுள்ள மார்ட்டன் என்னும் சிற்றூரிற் பிறந்தார். தந்தையார் பண்ணையிற் கூலி வேலை செய்தவர். பண்ணைக்கு உரியவர் பொருள் உதவியமையால் சிறுவன் சில ஆண்டுகள் பள்ளிக்குச் சென்றான். பின்னர்க் கடலோர ஊர் ஒன்றில் கடைப் பையனாக அமர்ந்தான். கடையில் அவன் மனம் நிலைக்கவில்லை. 1746-இல், தன் பதினேழாம் வயதில், விட்பியில் ஜான் வாக்கர் என்னும் கப்பல் உரிமையாளரிடம் தொழில் பயிலச் சேர்ந்தான்.

வாக்கரின் கலங்கள் டைன் ஆற்றுத் துறையிலிருந்து இலண்டனுக்குக் கரி கொண்டு சென்றன. கரையை ஒட்டிய பயணந்தானே என்று நாம் எளிதாக எண்ணிவிடலாம். மாலுமிக்கு நடுக்கடலைக் காட்டிலும் கரையே பெரும் பகை. அவ்வழியில் மணல் திட்டுகள் நீருக்கடியில் மறைந்து கிடந்தன. புயலடித்தால் அவை இடம் மாறின. ஏற்றவற்றத்தால் எழும் நீரோட்டம் கலத்தைப் பக்கவாட்டில் இழுத்தது. மூடுபனி இறங்கினால் கரை கண்ணுக்குத் தெரியாது. அப்போது துணை செய்தது ஓர் ஈயக்குண்டே. கயிற்றில் கட்டிய அக்குண்டைக் கடலில் இறக்கி, ஆழம் எத்தனை பாகம் என்று அளப்பர். குண்டின் அடியில் ஒரு குழி உண்டு. அதில் கொழுப்பை அடைத்திருப்பர். மணலோ சேறோ சிப்பித் துண்டோ அதில் ஒட்டிக்கொண்டு மேலே வரும். ஒட்டியதைப் பார்த்தே, கலம் எவ்விடத்தில் உள்ளது என்று தேர்ந்த மாலுமி சொல்லிவிடுவான். குக் இக்கலையைக் கையாலும் கண்ணாலும் கற்றார். குளிர்காலத்தில் கலங்கள் துறையில் ஓய்ந்திருந்தபோது, வாக்கரின் இல்லத்தில் தங்கி, இரவில் கணக்கும் கடல் நூலும் பயின்றார் என்பர்.

1755-இல் வாக்கர் ஒரு கலத்தின் தலைமையை அவருக்கு அளிக்க முன்வந்தார். குக் அதனை ஏற்கவில்லை. அரசுக் கடற்படையில் சாதாரண மாலுமியாகச் சேர்ந்தார்! நண்பர்கள் வியந்திருப்பார்கள்; ஆயினும் இரண்டே ஆண்டுகளில் கப்பல் செலுத்தும் பொறுப்புடைய மாஸ்டராக உயர்ந்தார். 1758-இல் கனடாவின் கரையில் சாமுவேல் ஹாலண்டு என்னும் நில அளவையாளரைச் சந்தித்து, அளவை முறையை அவரிடம் ஆர்வத்துடன் கற்றுக்கொண்டார். கரை தந்த பட்டறிவோடு கணிதமும் சேர்ந்தது. 1763 முதல் 1767 வரை நியூபவுண்டுலாந்துக் கரையை அளந்து அவர் வரைந்த படங்கள் நூறாண்டுக்கு மேலும் மாலுமிகளுக்குப் பயன்பட்டன. அப்பணியின்போது 1764-இல் வெடிமருந்துக் கொம்பு ஒன்று கையிலேயே வெடித்தது. வலக்கையில் நீண்ட தழும்பு நிலைத்துவிட்டது.

1769-இல் வெள்ளிக்கோள் கதிரவனைக் கடந்து செல்லும் காட்சியைத் தாகித்தித் தீவிலிருந்து காண அறிஞர்கள் விரும்பினர். அதற்கெனக் கடற்படை வாங்கிய கலம், விட்பியிற் கட்டிய கரிக் கலமே. எண்டவர் என்று அதற்குப் பெயரிட்டனர். குக் அதன் தலைவரானார். 1768 ஆகஸ்டில் புறப்பட்டுத் தாகித்தியை அடைந்து, பின்னர் நியூசிலாந்தை முழுதும் சுற்றிப் படம் வரைந்து, ஆஸ்திரேலியாவின் கீழ்க்கரை வழியே வடக்கு நோக்கிச் சென்றார்.

1770 ஜூன் 11-ஆம் நாள் இரவு. நல்ல நிலவு. ஈயக்குண்டு பதினேழு பாகம் ஆழம் காட்டியது. அதனை மறுமுறை எறிவதற்குள் கலம் பவளப் பாறையில் மோதி நின்றுவிட்டது. கரையோ பல கல் தொலைவில் இருந்தது. கலத்தில் இருந்தோர் அனைவரையும் ஏற்றப் படகுகள் போதா. மோதியது நீர் ஏறியிருந்த வேளையாதலால், அடுத்த ஏற்றத்தில்தான் கலம் மிதக்க இயலும். ஆறு பீரங்கிகளையும் அடிப்பாரக் கற்களையும் கடலில் எறிந்தனர். மறுநாட் பகலில் நீர் ஏறியது, கலம் அசையவில்லை. அக்கரையில் பகலேற்றத்தை விட இரவேற்றம் உயர்வானது என்பதைக் குக் கண்டறிந்தார். நங்கூரங்களைப் படகிற் கொண்டுபோய் இறக்கி, கயிறுகளை இறுக்கிக் காத்திருந்தனர். இரவு பத்து மணிக்கு மேல் கலம் விடுபட்டது. ஆனால், விடுபட்டபின் மூழ்கிவிடுமோ என்னும் அச்சம் எழுந்தது. பழங்கயிற்று நாரும் கம்பளி மயிரும் தைத்த பாயொன்றைக் கலத்தின் அடியில் இழுத்துக் கட்டி ஓட்டையை அடைத்தனர். இம்முறையை அறிந்து கூறியவர் மங்க்கவுஸ் என்னும் இளைஞர். தலைவர் அவரிடமே அப்பணியை ஒப்படைத்தார்.

சில நாட்களில் ஓர் ஆற்றுமுகம் கிடைத்தது. தட்டையான அடியுடையதாதலால் கலத்தைக் கரையில் ஏற்றிச் செப்பனிட முடிந்தது. ஓட்டையைப் பார்த்தவர்கள் திகைத்தனர். உடைந்த பவளத் துண்டொன்று அதிலேயே செருகி நின்று, நீரைப் பெரிதும் தடுத்திருந்தது. ஏறத்தாழ ஏழு வாரம் அங்குத் தங்கினர். அந்நிலத்தில் வழிவழியாக வாழ்ந்த கூகு யிமிதிர் மக்களின் மொழியிலிருந்தே கங்காரு என்னும் சொல்லை எழுதிக்கொண்டனர். கடலில் எறிந்த பீரங்கிகள் 1969-இல் மீட்கப்பட்டன.

1771-இல் தாயகம் திரும்பிய குக், பின்னிரு நெடும்பயணங்களுக்கும் விட்பியிற் கட்டிய கலங்களையே கொண்டார். கடலின் போக்கை அறிந்த அவர், மூன்றாம் பயணத்தில் மனிதரின் போக்கை அறியத் தவறினார். ஹவாயில் படகொன்று களவு போயிற்று. அதனை மீட்க அத்தீவின் அரசரையே பிணையாகப் பிடிக்க முனைந்தார். கரையில் மூண்ட கலகத்தில் 1779 பிப்ரவரி 14-ஆம் நாள் கொல்லப்பட்டார். சில நாட்களுக்குப் பின் அவர் உடலின் எஞ்சிய பகுதிகள் கப்பலில் ஒப்படைக்கப்பட்டன. நியூபவுண்டுலாந்தில் ஏற்பட்ட தழும்பைக் கொண்டு தோழர்கள் அவரது வலக்கையை அடையாளம் கண்டு, அவ்விரிகுடாவிலேயே கடலடக்கம் செய்தனர்.