டாக்டர் லியோ கானர்

குழந்தை உண்ண மறுக்குமாயின் தாயைக் குறைகூறுதல் உலக வழக்கு. அவ்வழக்கு எத்துணைக் கொடியது என்பதை லியோ கானர் என்னும் மருத்துவரின் சரிதை நன்கு விளக்கும்.

இவர் 1894ஆம் ஆண்டில், அக்காலத்து ஆஸ்திரிய ஹங்கேரி இராஜ்யத்தில், பிராடி நகரை அடுத்த சிற்றூரொன்றில் யூதக் குடும்பத்திற் பிறந்தார். பெர்லின் சர்வகலாசாலையில் வைத்தியம் பயின்றார். முதல் உலக யுத்தத்தில் சேனையிற் பணிபுரிய நேர்ந்தமையால் படிப்பு இடையே தடைப்பட்டது. 1924இல் அமெரிக்கா சென்று, தென் டகோட்டாவில் மனநோய் வைத்தியசாலையொன்றில் அமர்ந்தார். 1928இல் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஸ்தாபனத்தை அடைந்து, 1930இல் குழந்தைகளின் மனநலத்திற்கெனச் சிகிச்சைப் பகுதியொன்றைத் தொடங்கினார். 1935இல் அத்துறை பற்றி ஒரு பெருநூலும் இயற்றினார்.

1938இல் மிஸிஸிப்பி மாகாணத்து ஐந்து வயதுச் சிறுவனொருவன் அவரிடம் கொண்டுவரப்பட்டான். பிறருடன் கலவாது தனித்திருத்தலும், எதுவும் மாறாதிருக்க வேண்டுமென்னும் பிடிவாதமும் அவன்பாற் காணப்பட்டன. உணவிலும் அவனுக்கு விருப்பமில்லை. இத்தன்மையுடைய எட்டுச் சிறுவரையும் மூன்று சிறுமியரையும் ஆராய்ந்து, கானர் 1943இல் தம் கட்டுரையை வெளியிட்டார். இன்று ஆட்டிசம் எனப்படும் நிலையை உலகறியச் செய்தது அக்கட்டுரையே. அப்பதினொருவருள் அறுவர் பிறந்தநாள் தொட்டே உண்பதில் இடர்ப்பட்டவர். ஒரு குழந்தைக்கு ஓராண்டு வரை குழாய் வழியே உணவூட்ட வேண்டியிருந்தது. புறவுலகத்தை விலக்க விரும்பும் குழந்தை, அதிலிருந்து முதன்முதல் வந்தடையும் உணவையே விலக்குகின்றது என அவர் கருதினார்.

இந்நிலை பிறவியிலேயே அமைவதென அவர் எழுதியதுண்டு. எனினும், பெற்றோர் பலர் அன்பு வெளிக்காட்டாதவர் என்றும் எழுதினார். பின்வந்தோர் இதனைப் பற்றிக்கொண்டு தாய்மாரையே குற்றவாளிகளாக்கினர். அன்னையர் பலர் பல்லாண்டு அப்பழியைச் சுமந்தனர். 1969இல் பெற்றோர் கூடிய சபையொன்றில், அவர்கள் குற்றமற்றவர் என்று கானர் வெளிப்படையாக அறிவித்தார். 1981இல் காலமானார்.

உணவின் மணம், நிறம், மென்மை, கரகரப்பு ஆகியவை இக்குழந்தைகளிற் பலரது புலன்களை மிகுதியாகத் தாக்குகின்றன என்பது இன்று தெளிவாகியுள்ளது. மலச்சிக்கல் முதலிய வயிற்றுக் கோளாறுகளும் பசியைக் கெடுக்கலாம். சில பண்டங்களையே உண்டு வளரும் குழந்தைக்கு எடை குறையாதிருந்தும் உயிர்ச்சத்துக் குறையலாம். ஸ்கர்வி நோய் கண்டாருமுண்டு. வற்புறுத்தி ஊட்டுதல் அச்சத்தையே வளர்க்கும். மருத்துவரை அணுகிக் காரணமறிந்து, புதுப் பண்டத்தைப் பழகியதன் அருகே சிறிது சிறிதாக வைத்துப் பொறுமையோடு பழக்குதலே தக்க முறை.

நாளை ஆசிரியராகவும் மருத்துவராகவும் விளங்கவிருக்கும் மாணவர், வாடிய முகத்துடன் வரும் தாயொருத்தியைக் காணுங்கால், குறைகூறுமுன் அவள் கூறுவதைக் கேட்பாராக.