தோற்றவரின் பயணச்செலவு

மாரத்தான் ஓட்டம் ஒன்றை முடிக்க 54 ஆண்டுகள், 8 மாதங்கள், 6 நாள்கள், 5 மணி, 32 நிமிடங்கள், 20.3 விநாடிகள் எடுத்துக்கொண்ட மனிதரைப் பற்றிப் பலரும் படித்திருப்பார்கள். வினாடி-வினாப் போட்டிகளுக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. ஜப்பானைச் சேர்ந்த ஷிஸோ கனகுரி என்பது விடை. கேட்டவர்கள் சிரித்துவிட்டு அடுத்த கேள்விக்குப் போய்விடுவார்கள்.

பொருளியல் கற்பித்தே தலை நரைத்துப்போன எனக்கு இந்தக் கதையில் ஓட்டக் கணக்கைவிடச் செலவுக் கணக்கே பெரிதாகத் தெரிகிறது. அந்த இளைஞர் பந்தயத்தின் தொடக்கக் கோடு வரை எப்படிப் போய்ச் சேர்ந்தார்? அதற்குப் பணம் கொடுத்தவர்கள் யார்? அவர் தோற்றுத் திரும்பிய பின் அந்தப் பணத்துக்கு என்ன பொருள்?

கனகுரி 1891-ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் ஜப்பானின் தென்பகுதியிலுள்ள குமாமோட்டோ மாவட்டத்தில் பிறந்தார். அரிசி மது வடிக்கும் தொழில் செய்த குடும்பம். பிள்ளைகள் பலர். தந்தை சீக்கிரமே காலமாகிவிட, மூத்த அண்ணன்தான் படிக்க வைத்தார். பள்ளிக்குப் போக வர நாள்தோறும் ஏறத்தாழ 12 கிலோமீட்டர் மலைப்பாதை. மற்ற பிள்ளைகளோடு சேர்ந்து அதை ஓடியே கடந்திருக்கிறார். 1910-இல் டோக்கியோ உயர்நிலை ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் சேர்ந்தார். அதன் முதல்வர் ஜிகோரோ கனோ. ஜூடோவை உருவாக்கியவர் என்று உலகம் அறிந்த அவர்தான், சர்வதேச ஒலிம்பிக் குழுவில் இடம்பெற்ற முதல் ஆசியரும்கூட.

ஸ்டாக்ஹோம் ஒலிம்பிக்கிற்கு வருமாறு ஜப்பானுக்கு அழைப்பு வந்தது. 1911 நவம்பரில் ஹனேடாவில் தகுதிப் போட்டி நடந்தது. தூரம் 25 மைல். மழை பெய்துகொண்டிருந்தது. கனகுரி அணிந்திருந்தது ‘தபி’ எனப்படும், கட்டைவிரலுக்குத் தனி இடம்விட்டுத் தைத்த துணிக் காலணி. அது வழியிலேயே கிழிந்துபோக, வெறுங்காலோடு ஓடி 2 மணி 32 நிமிடம் 45 விநாடிகளில் முடித்தார். அன்றைய உலகச் சாதனை என்று சொல்லப்பட்ட நேரத்தைவிட அது மிகக் குறைவு. பந்தயப் பாதையை அளந்ததில் பிழை இருந்திருக்கலாம் என்ற ஐயம் இன்றும் உண்டு. ஆனால் தேர்வு செய்யப்பட்டுவிட்டார்.

அதற்குப் பின்தான் பணப் பிரச்சினை தொடங்கியது. அரசு ஒரு காசும் தரவில்லை. போகிறவர் தம் செலவில் போக வேண்டும். ஜப்பானிலிருந்து சென்ற வீரர்கள் இருவரே. மற்றவர் குறுந்தூர ஓட்டக்காரர் யாஹிகோ மிஷிமா. அவருக்கு இது ஒரு சிக்கலே இல்லை. பிரபுக் குடும்பத்துப் பிள்ளை. அண்ணன் யோகோஹாமா ஸ்பீஷி வங்கியின் தலைவர், மறு ஆண்டிலேயே ஜப்பானிய மத்திய வங்கியின் ஆளுநரானவர். கனகுரிக்கோ ஏறத்தாழ 1,800 யென் தேவைப்பட்டது.

அன்று ஜப்பான் தங்க நாணய முறையில் இருந்தது. ஒரு யென் என்பது முக்கால் கிராம் தங்கம். அப்படியானால் 1,800 யென் என்பது 1,350 கிராம். நம் வீட்டுக் கணக்கில் சொன்னால் 168 பவுனுக்கும் மேல். ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி மாணவர் ஒருவருக்கு எட்டாத தொகை. அவருடைய கல்லூரித் தோழர்கள் ஆதரவுச் சங்கம் ஒன்று அமைத்து நிதி திரட்டினார்கள். பெரும்பகுதி அப்படிச் சேர்ந்தது. மீதியை அவர் குடும்பம் ஏற்றது. நன்கொடை தந்தவர்களில் பலர் ஆசிரியராகப் போகிறவர்கள்; செல்வந்தர்கள் அல்லர். இருபது வயது இளைஞனின் தோளில் இத்தனை பேருடைய பணத்தை ஏற்றி அனுப்புவது எத்தகைய சுமை என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

1912 மே 16 அன்று டோக்கியோவின் ஷிம்பாஷி ரயில் நிலையத்திலிருந்து புறப்பட்டார்கள். நாட்டைக் குறுக்காகக் கடந்து மேற்குக் கரையிலுள்ள ட்சுருகா துறைமுகம், அங்கிருந்து கப்பலில் விளாடிவாஸ்டாக், பிறகு சைபீரியாவை ஊடுருவிச் செல்லும் ரயில், செயின்ட் பீட்டர்ஸ்பர்க், மறுபடியும் கப்பல். ஸ்டாக்ஹோம் சென்றடைய 17 நாள்கள் ஆயின. உட்காரவும் படுக்கவும் மட்டுமே இடமுள்ள பெட்டியில் நாள் கணக்காக முடங்கிக் கிடப்பது ஓடிப் பழகிய கால்களுக்கு என்ன செய்யும் என்பதை விளக்க வேண்டியதில்லை. உடன் சென்ற பயிற்சியாளர் ஹியோஸோ ஓமோரி காசநோயால் நலிந்திருந்தார். பயிற்சி அளிக்க வேண்டியவரைப் பயிற்சி பெற வேண்டியவர்கள் கவனித்துக்கொள்ளும் நிலை. அடுத்த ஆண்டே அவர் இறந்துபோனார்.

ஸ்வீடனில் கோடை இரவுகள் இருட்டுவதே இல்லை. தூக்கம் வரவில்லை, உணவு ஒத்துக்கொள்ளவில்லை. மண் சாலைகளுக்கென்றே தைத்த தபியின் மெல்லிய அடிப்பாகம் கல் பதித்த தெருக்களில் முழங்கால்களைப் பதம் பார்த்தது. கனோவும் மிஷிமாவும் கனகுரியும் வெறும் பார்வையாளர்களாகவே போயிருந்தாலும் அந்தப் பயணம் வரலாறுதான். ஆனால் நன்கொடை தந்தவர்கள் எதிர்பார்த்தது வெற்றியை.

ஜூலை 14, ஞாயிற்றுக்கிழமை. பிற்பகல் வெயில். நிழலிலேயே 32 டிகிரி என்று பதிவாகியிருக்கிறது. நமக்கு அது மார்ச் மாதத்துக் காலைப்பொழுது. ஆனால் அந்த வெயிலில் 40 கிலோமீட்டர் ஓடுவது வேறு. புறப்பட்ட 68 பேரில் ஏறக்குறைய பாதிப் பேரே ஓட்டத்தை முடித்தார்கள். வென்றவர் தென்னாப்பிரிக்காவின் கென் மெக்ஆர்தர். போர்ச்சுகலிலிருந்து வந்த ஃபிரான்சிஸ்கோ லாசரோ என்ற தச்சர் வழியில் சரிந்து விழுந்து மறுநாள் உயிர்விட்டார். நவீன ஒலிம்பிக்கில் போட்டியால் நேர்ந்த முதல் மரணம் அது.

கனகுரி 26, 27 கிலோமீட்டர் அளவில் நினைவிழந்து பாதையை விட்டு விலகினார். சொல்லென்டுனா என்ற ஊரில் ஒரு குடும்பத்தினர் தங்கள் தோட்டத்தில் அவரை அமர்த்திப் பழச்சாறு கொடுத்துத் தேற்றினார்கள். ஓரளவு தெளிந்ததும் ரயிலேறித் தங்குமிடம் திரும்பிவிட்டார். ஓட்டத்தைக் கைவிட்ட செய்தி பந்தய அலுவலர்களின் பதிவேட்டில் ஏறவில்லை. ‘காணாமல்போன ஜப்பானியர்’ என்ற ஸ்வீடன் நாட்டுக் கதை இதிலிருந்து பிறந்ததே. அவர் எங்கும் காணாமல் போகவில்லை. மறுநாள் காலை நாட்குறிப்பில் தம் தோல்வியையும், அதன் வெட்கத்தையும், அதை என்றேனும் துடைத்தாக வேண்டும் என்ற உறுதியையும் எழுதிக்கொண்டிருந்தார்.

இந்த இடத்தில் என் தவறு ஒன்றைச் சொல்லியாக வேண்டும். நான் பணியாற்றிய கல்லூரி ஒன்றில் நிதிக்குழு உறுப்பினராக இருந்தேன். நெடுந்தூரம் ஓடும் மாணவர் ஒருவர் வடமாநிலத்தில் நடந்த போட்டிக்குப் போய்வர ரயில் கட்டணம் கேட்டு விண்ணப்பித்திருந்தார். முன்பதிவில்லாப் பெட்டிக்கான தொகையை அனுமதித்தோம். இரண்டு இரவுகள் கழிப்பறை வாசலில் நின்றும் குந்தியும் பயணம் செய்து, இறங்கிய மறுநாள் காலையில் ஓடி, எந்த இடமும் பெறாமல் திரும்பினார். அடுத்த ஆண்டு அவர் மறுபடியும் விண்ணப்பித்தபோது, முந்தைய செலவால் பயன் ஏதும் விளையவில்லை என்று கோப்பில் குறிப்பு எழுதியவன் நான்தான். செலவு, பயன் என்று வகுப்பில் பாடம் நடத்தியவனுக்கு எந்தக் கால அளவில் பயனைக் கணக்கிட வேண்டும் என்பது அப்போது உறைக்கவில்லை.

கனகுரியின் தோழர்களும் என்னைப் போலக் குறிப்பு எழுதியிருந்தால் கணக்கு 1912-இலேயே முடிந்திருக்கும். அவர்கள் எழுதவில்லை. அவரும் நாடு திரும்பியதும் பயிற்சியில் இறங்கினார். 1916-இல் பெர்லினில் நடக்கவிருந்த ஒலிம்பிக்கைப் போர் விழுங்கிவிட்டது. ஓட்டக்காரருக்குரிய மிகச் சிறந்த வயது அவருக்கு அப்படியே கழிந்தது. புவியியல் ஆசிரியராகப் பணியாற்றிக்கொண்டே, தனியொருவன் ஓடுவதைவிடப் பலரை ஓடவைப்பதே வழி என்ற முடிவுக்கு வந்தார்.

1917-இல் கியோட்டோவிலிருந்து டோக்கியோ வரை, 500 கிலோமீட்டருக்கும் அதிகமான தூரத்தை 23 பிரிவுகளாகப் பிரித்துக்கொண்டு இரு அணிகள் இரவு பகலாக ஓடின. ‘எகிடென்’ என்னும் நெடுஞ்சாலைத் தொடரோட்டத்தின் தொடக்கம் அது. டோக்கியோ அணியின் கடைசிப் பிரிவை ஓடி முடித்தவர் கனகுரி. 1919-இல் ஷிமோனோசெகியிலிருந்து டோக்கியோ வரை ஏறத்தாழ 1,200 கிலோமீட்டரைத் தோழர் ஒருவருடன் 20 நாள்களில் ஓடிக் கடந்தார். பரிசுக்காக அல்ல, வழியிலுள்ள ஊர்களெல்லாம் ஓட்டத்தைக் காண வேண்டும் என்பதற்காக.

பிறகு இன்னும் துணிச்சலான எண்ணம் ஒன்று அவருக்கு எழுந்தது: அமெரிக்கக் கண்டத்தையே குறுக்காக ஓடிக் கடப்பது. அதற்கு ஆள் தேர்ந்தெடுக்கும் சோதனையாகத்தான், ராக்கி மலைக்கு ஈடாக ஹகோனே மலையை வைத்து, 1920 பிப்ரவரியில் பல்கலைக்கழகத் தொடரோட்டம் தொடங்கப்பட்டது. முதல் ஆண்டில் வந்தவை நான்கே அணிகள். அமெரிக்கப் பயணம் நடக்கவேயில்லை. தேர்வுப் போட்டி மட்டும் நிலைத்துவிட்டது. இன்று ஒவ்வோர் ஆண்டும் ஜனவரி 2, 3 தேதிகளில் ஜப்பான் தொலைக்காட்சிப் பெட்டியின் முன் அமர்ந்து பார்ப்பது அதைத்தான். தோளில் குறுக்காக அணியும் துணிப்பட்டை ஒருவரிடமிருந்து அடுத்தவருக்குக் கைமாறும்; குறித்த நேரத்துக்குள் வந்து சேராத அணியின் பட்டை அங்கேயே அறுபட்டுப்போகும். அந்தக் காட்சிக்காகக் கண்ணீர்விடும் ஒரு நாடு அது.

அதே 1920-இல் ஆன்ட்வெர்ப் ஒலிம்பிக்கில் கனகுரி 2 மணி 48 நிமிடம் 45 விநாடிகளில் ஓடி 16-ஆவதாக வந்தார். இந்தப் பட்டியலில் இன்னும் மூன்று வரி கீழே இறங்கினால் ஓர் இந்தியப் பெயர் இருக்கிறது. பெலகாவிப் பகுதியைச் சேர்ந்த பதேப்பா சௌகுலே, 2 மணி 50 நிமிடம் 45 விநாடிகள், 19-ஆம் இடம். டோராப்ஜி டாட்டாவின் முயற்சியாலும் பொருளுதவியாலும் சென்ற சிறு குழுவில் ஒருவர் அவர். இருவருக்கும் இடையே இரண்டே நிமிடம்.

ஒரு நூற்றாண்டில் அந்த இரண்டு நிமிடம் என்னவாக விரிந்தது என்பதே என்னைத் தூங்கவிடாத கேள்வி. சௌகுலேக்குப் பின் நம்மிடம் ஒரு ஹகோனே உருவாகவில்லை. 1978-இல் சிவநாத் சிங் ஓடிய 2 மணி 12 நிமிட நேரம் நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக நம் தேசியச் சாதனையாக நின்றது. அது அந்த வீரரின் பெருமை. நமக்கு அப்படிச் சொல்லிக்கொள்ள முடியாது. ஒரு வள்ளலின் பணமும் இருநூறு மாணவர்களின் சில்லறையும் அளவில் ஒன்றாக இருக்கலாம். ஆனால் சில்லறை கொடுத்தவன் அடுத்த ஆண்டும் விசாரிக்க வருவான்.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். 1924-இல் பாரிஸில் மறுபடியும் பாதியில் விட்டார். பெண்கள் பள்ளியில் பணியாற்றியபோது மாணவியரை மைதானத்துக்குக் கொண்டுவரப் பாடுபட்டார். தம்மைக் காயப்படுத்திய தபியையும் அவர் மறக்கவில்லை. டோக்கியோவில் அதைத் தைத்துக்கொடுத்த கடைக்காரருடன் சேர்ந்து ரப்பர் அடிப்பாகம் வைத்த ஓட்டக் காலணியாக மாற்றினார். ‘கனகுரி தபி’ என்ற அந்தக் காலணியை அணிந்துதான் ஹிரோஷிமா இளைஞர் ஷிகேகி தனகா 1951-இல் பாஸ்டன் மாரத்தானை வென்றார். ஓர் ஆசிரியரின் முழங்கால் வலிக்குக் கிடைத்த வட்டி என்று நான் அதைக் கணக்கில் எழுதுவேன். போரில் சிதைந்த நாட்டில் 1947-இல் அவர் பெயரால் தொடங்கிய மாரத்தான்தான் பின்னாளில் ஃபுகுவோகா சர்வதேசப் போட்டியாயிற்று.

1967 மார்ச்சில் ஸ்வீடன் ஒலிம்பிக் குழு அவரை அழைத்தது. வயது 75. மேலங்கி அணிந்தபடி ஸ்டாக்ஹோம் மைதானத்துக்குள் மெல்ல ஓடி, கட்டியிருந்த நாடாவைக் கடந்தார். ஒலிபெருக்கியில் அந்த நீண்ட நேரம் அறிவிக்கப்பட்டது. வழி நெடியதாக இருந்தது என்றும், இடையில் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் பிறந்துவிட்டார்கள் என்றும் சொல்லிச் சிரித்தார். 1983 நவம்பரில், 92 வயதில் காலமானார்.

நான் குறிப்பு எழுதி நிறுத்திய மாணவர் இப்போது அரசுப் பள்ளி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியர். சென்ற ஆண்டு அழைத்தார். மாநிலப் போட்டிக்கு ஏழு பிள்ளைகளைக் கூட்டிச் செல்ல வேண்டும். இரவு ரயிலில் படுக்கை வசதியோடு அழைத்துப் போக ஆசை, பள்ளித் தொகை போதவில்லை என்றார். அனுப்பினேன். திரும்பி வந்ததும் பேசினார். பிள்ளைகள் நன்றாகத் தூங்கிக்கொண்டே போனார்களாம்.