முதுபெருங் குறிவீரர் ஒஸ்கார் சுவான்

விளையாட்டு இளைஞர்க்கே உரியது என்பது உலகத்தார் கொண்ட முடிபு. ஓட்டத்திலும் பாய்ச்சலிலும் உதைபந்தாட்டத்திலும் முப்பது வயதைக் கடந்தவன் பார்வையாளர் வரிசையிற் போய் அமர்ந்துகொள்வதே வழக்கம். கல்லூரி மெய்வல்லுநர் போட்டி நாளிலே பழைய மாணவர்க்கென ஓர் ஓட்டம் வைக்கப்படுவதும், அவர்கள் மூச்சு வாங்க ஓடி வருவதைக் கண்டு சிறுவர்கள் கைகொட்டி மகிழ்வதும் நாம் ஆண்டுதோறுங் காணும் காட்சிகளே. அது குற்றமன்று. எனினும், மூப்பு வந்தவர்க்கு விளையாட்டிலே மதிப்புக்குரிய இடம் ஒன்று உண்டா, அல்லது சிரித்து விடைகொடுக்கும் இடம் மாத்திரந்தான் உண்டா என்னும் வினா நம்முட் பலர்க்கு எழுந்திருத்தல் கூடும். அவ்வினாவுக்குத் தம் வாழ்க்கையையே விடையாகத் தந்து சென்றவர் ஒருவர் உளர். அவர் சுவீடன் தேசத்துத் துப்பாக்கி வீரர் ஒஸ்கார் சுவான் ஆவர். உலக அரங்கில் அவர் முதன்முதல் அடிவைத்தது அறுபதாவது வயதில் என்றால் வியப்பு உண்டாகாதிராது.

ஒஸ்கார் சுவான் 1847ஆம் ஆண்டு ஒக்ரோபர் மாதம் 20ஆம் திகதி, சுவீடனின் மேற்குக் கரையோரத்துப் பூஹுஸ்லேன் பகுதியிலுள்ள தானூம் என்னும் ஊரிலே பிறந்தார். வெண்கலக் காலத்து மக்கள் பாறைகளிலே கப்பல்களையும் மனிதரையும் விலங்குகளையுஞ் செதுக்கி வைத்த இடம் அது. அச்செதுக்கல்களின் பெருமை கருதி 1994இல் உலக மரபுரிமைச் சின்னங்களின் வரிசையில் அவ்வூர்ப் பகுதி சேர்க்கப்பட்டது. சுவீடனோ காடு மலிந்த நாடு. மானும் கடமானும் வேட்டையாடுதல் அந்நாட்டாருக்குத் தொன்றுதொட்டு வந்த தொழிலும் பொழுதுபோக்குமாகும். சுவான் பிறந்த காலத்தில் வேட்டைக்காரர் கையிலிருந்தவை பெரும்பாலும் வாய்வழியே மருந்திட்டு இடித்துச் சுடுந் துப்பாக்கிகள். நம் வன்னி மக்கள் இடியன் என்று வழங்குவார்களே, அவ்வகையைச் சேர்ந்தவை. அவர் நடுவயதை அடைவதற்குள் புகையில்லா மருந்தும், தோட்டாவைப் பின்புறத்தே இட்டுச் சுடும் விரைவான துப்பாக்கிகளும் வந்துவிட்டன. கருவி மாறிற்று, கண்ணும் கையும் மனமும் ஒன்றுபட வேண்டும் என்னும் நியதி மாறவில்லை.

புதிய ஒலிம்பிக் விளையாட்டு விழா 1896ஆம் ஆண்டு ஏதென்ஸ் நகரிலே முதன்முதல் நடைபெற்றபொழுது சுவானுக்கு 48 வயது. மற்றை விளையாட்டு வீரர் எல்லாம் ஓய்ந்து, தம் இளமைக் கதைகளைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லத் தொடங்கும் பருவம் அது. அவர் பங்குகொள்ளப்போகும் போட்டியோ ஒலிம்பிக் நிரலில் அன்று இருக்கவேயில்லை. இன்னும் பன்னிரண்டு ஆண்டுகள் சென்ற பின்னரே, 1908ஆம் ஆண்டு இலண்டன் விழாவில், ஓடும் மானைச் சுடும் போட்டி முதன்முறையாக இடம்பெற்றது. வேட்டைக்காரர் தேசத்திற்கு ஏற்ற போட்டி வந்ததும், சுவீடன் தன் அணியிலே அறுபது வயதினராகிய ஒஸ்கார் சுவானையும், இருபத்தெட்டு வயதினராகிய அவர் மகன் அல்பிரெட் சுவானையும் சேர்த்து அனுப்பியது.

இப்போட்டியின் தன்மையைச் சிறிது விரித்துரைத்தல் வேண்டும். அதனை அறியாதார் இம்முதியவரின் அருமையை அறியார். சுடப்படுவது உயிருள்ள மானன்று. மானுருவாகச் செய்யப்பட்ட இலக்கே. இலண்டனுக்கு அப்பால் பிஸ்லி என்னும் இடத்திலமைந்த சுடுகளத்தில், சுடுவோரிடமிருந்து 110 யார் தூரத்திலே அது வைக்கப்பட்டது. மறைவிடம் ஒன்றிலிருந்து வெளிப்பட்டு 75 அடி தூரம் குறுக்காக ஓடி மறுபுறத்து மறைவை அடைய அது எடுக்கும் நேரம் ஏறத்தாழ நான்கு செக்கன்கள். அந்நேரத்துள் துப்பாக்கியை உயர்த்தி, குறிபார்த்து, விசையை அழுத்திவிட வேண்டும். ஒற்றைச் சூட்டுப் போட்டியில் ஓட்டம் ஒன்றுக்கு ஒரு சூடு. இரட்டைச் சூட்டுப் போட்டியில் அதே நான்கு செக்கனுள் இரண்டு சூடு. பத்து ஓட்டங்களோடு ஒருவர் பங்கு முடியும்.

இதிலுள்ள சிக்கலைக் கணக்கிட்டுப் பார்ப்போம். மான் செக்கனுக்கு ஏறக்குறைய 19 அடி செல்கின்றது. சன்னம் செக்கனுக்கு 2000 அடி வேகத்திற் செல்லும் என்று வைத்துக்கொண்டாலும், 110 யார் தூரத்தைக் கடக்க அதற்குச் செக்கனின் ஆறிலொரு பங்கு வேண்டும். அதற்குள் மான் மூன்றடி முன்னே போய்விடும். ஆதலால் மானைக் கண்ட இடத்திலே குறிவைத்துச் சுடுபவன் வெறுங் காற்றையே சுடுவான். மான் இருக்கும் இடத்தையன்று, இருக்கப்போகும் இடத்தையே நோக்க வேண்டும். அதுவும் துப்பாக்கியை நிறுத்திவைத்தன்று. மானோடு மானாக அதனை நகர்த்திக்கொண்டே விசையை அழுத்துதல் வேண்டும். பாஞ்சாலியின் சுயம்வர மண்டபத்திலே சுழலும் இயந்திரத்தின் ஊடே இலக்கை வீழ்த்திய விசயன் கதையை நாம் சிறுவயதிலே கேட்டு வியந்தோம். நில்லாத குறியை வீழ்த்தல் என்பது எக்காலத்தும் எந்நாட்டாருக்கும் வில்லாண்மையின் எல்லையாகவே தோன்றியிருக்கின்றது.

பிஸ்லியில் ஒற்றைச் சூட்டுப் போட்டியிலே முதலிடம் பெற்றவர் ஒஸ்கார் சுவான். பத்துச் சூட்டுக்கு உச்சப் புள்ளி 40. அவர் பெற்றது 25. இவ்வளவுதானா என்று மாணவர் எவரேனும் வினவுதல் கூடும். இவ்வளவுதான், அன்று அக்களத்திலே அதற்கு மேற் பெற்றவர் ஒருவரும் இலர். அவர்க்கு அடுத்து வந்த பிரித்தானியர் இருவரும் 24 புள்ளிகளே பெற்றனர். ஆகவே ஒரு புள்ளியே வெற்றியைத் தீர்மானித்தது. அணிப் போட்டியிலும் அவ்வாறே. நால்வர் கொண்ட சுவீடன் அணியும் நால்வர் கொண்ட பிரித்தானிய அணியும் மாத்திரமே எதிர்நின்றன. முடிவில் சுவீடன் 86, பிரித்தானியா 85. ஆர்விட் நோப்பெல், ஏர்ணஸ்ற் றொசெல் என்னும் இருவரோடு தந்தையும் மகனும் ஒரே அணியில் நின்று தங்கப் பதக்கம் பெற்றனர். இரட்டைச் சூட்டிலே அமெரிக்கராகிய வோல்ரர் வைனன்ஸ் முதலிடம் பெற, சுவான் 38 புள்ளிகளோடு மூன்றாமிடம் பெற்றார். ஒரே விழாவில் இரண்டு தங்கமும் ஒரு வெண்கலமும் அறுபது வயதினரைச் சேர்ந்தன. அவ்விழாவிலே வெற்றிபெற்றோருள் அவரினும் மூத்தவர் ஒருவர் இருந்தமையும் குறிக்கத்தக்கது. அயர்லாந்தைச் சேர்ந்த யோசுவா மில்னர் என்பார் 61 வயதிலே நெடுந்தூரத் துப்பாக்கிப் போட்டியில் முதலிடம் பெற்றார். துப்பாக்கிக் கலையில் நரை ஒரு தடையன்று என்பதற்கு இருவரும் சான்றாயினர்.

நான்கு ஆண்டுகளின் பின், 1912இல், விழா சுவானின் சொந்த நாட்டுக்கே வந்தது. ஸ்ரொக்கோம் நகரிலே தம் மக்கள் முன்னிலையில் அவர் மீண்டும் துப்பாக்கி ஏந்தினார். ஒற்றைச் சூட்டு அணிப் போட்டியிற் சுவீடன் 151 புள்ளிகள் பெற்று, 132 புள்ளிகள் பெற்ற அமெரிக்க ஐக்கிய நாட்டை வென்றது. இம்முறை ஒரு புள்ளி வேறுபாடன்று, 19 புள்ளிகள். அன்று ஒஸ்கார் சுவானுக்கு வயது 64 ஆண்டும் 258 நாளும். ஒலிம்பிக் விளையாட்டுப் போட்டியில் அவ்வயதிலே தங்கம் பெற்றவர் அதற்கு முன்னும் இலர், பின்னும் இலர். இரட்டைச் சூட்டிலே தம் நாட்டவராகிய ஒக்கே லுண்டெபேர்க் 79, எட்வார்ட் பெனடிக்ஸ் 74 என்று முன்னே நிற்க, 72 புள்ளிகளோடு அவர் மறுபடியும் மூன்றாமிடம் பெற்றார்.

ஆயினும் அவ்விழாவிலே அம்முதியவர் உள்ளத்தை நிறைத்த வெற்றி வேறொன்றாகவே இருந்திருக்க வேண்டும் என்பது நம் எண்ணம். இலண்டனில் அவர் வென்ற ஒற்றைச் சூட்டுத் தனிப் போட்டியின் முதலிடம் ஸ்ரொக்கோமில் அவர் மகனுக்குச் சென்றது. லுண்டெபேர்க்கும் அல்பிரெட் சுவானும் 41 புள்ளிகள் பெற்றுச் சமனாக நிற்க, மீளச் சுட்டதில் அல்பிரெட் வென்றார். மகனை அவையிலே முந்தி நிற்கச் செய்தல் தந்தையின் கடன் என்று வள்ளுவர் வகுத்தார். அக்கடனை, மகனுக்கு வழிவிட்டு ஒதுங்கியன்று, மகனோடு அதே களத்திற் போட்டியிட்டே நிறைவேற்றிய தந்தையர் உலகில் எத்துணையர்!

அதன் பின் வந்தது பெரும் போர். 1916இல் பேர்லினில் நடைபெறவிருந்த விழா நடைபெறவில்லை. சுவீடன் போரிற் சேராது நடுநிலை வகித்ததேனும், நாடுகளெல்லாங் கூடி விளையாடும் களம் இல்லாதொழிந்தது. இளைஞர்க்கு எட்டாண்டு இடைவெளி பெரிதாயினும் தாங்கத்தக்கது. மறுமுறை என்று ஒன்று அவர்க்கு உண்டு. அறுபத்தெட்டு வயதிலே ஒரு விழாவை இழந்தவர்க்கோ அது முடிவுரை போன்றது. சுவான் அதனை முடிவுரையாகக் கொள்ளவில்லை.

1920ஆம் ஆண்டு, போரினால் நைந்த பெல்சியத்தின் அன்ற்வேர்ப் நகரிலே விழா மீண்டும் கூடியது. ஐந்து வளையக் கொடி ஒலிம்பிக் விழாவிலே முதன்முறை ஏற்றப்பட்டதும், வீரர் சார்பில் உறுதிமொழி முதன்முறை எடுக்கப்பட்டதும் அங்கேதான். சுவீடன் துப்பாக்கி அணியில் ஒஸ்கார் சுவான் இருந்தார். வயது 72.

இங்கேதான் நாம் தொடக்கத்தில் எழுப்பிய வினா கூர்மையடைகின்றது. அணியில் ஐந்து இடங்களே உண்டு. அவற்றுள் ஒன்றிலே எழுபத்திரண்டு வயதினர் நிற்பின், அவ்விடத்தில் நிற்கக்கூடிய இளைஞன் ஒருவன் வெளியே நிற்கின்றான் என்பது பொருள். பழம் புகழுக்காக அவ்விடம் அளிக்கப்பட்டதாயின் அது அநீதியேயாகும். மன்றங்களிலும் சங்கங்களிலும் முதியோர் தம் இருக்கையை விடாது பற்றிக்கொண்டிருத்தலையும், அதனால் இளையோர் மனம் வெதும்புதலையும் நாம் அறியாதவரல்லர். ஆனாற் சுடுகளத்துக்கு ஒரு நேர்மை உண்டு. அது முகம் பாராது, வயது கேளாது, முன்னர் எத்தனை பதக்கம் பெற்றாய் என்றும் வினவாது. சன்னம் பட்ட இடமே அங்கு சான்று. ஒற்றைச் சூட்டு அணிப் போட்டியிற் சுவீடன் நான்காமிடத்துக்குத் தள்ளப்பட்டுப் பதக்கம் பெறாதுபோயிற்று. இரட்டைச் சூட்டு அணிப் போட்டியிலோ நோர்வே 343 புள்ளிகளும் சுவீடன் 336 புள்ளிகளும் பெற்றன. ஏழு புள்ளிகளால் தங்கம் கைவிட்டுப் போனாலும் வெள்ளிப் பதக்கம் கிடைத்தது. இரட்டைச் சூடு சுவான் முன்னர் இருமுறையும் முதலிடம் பெறாத போட்டி. நான்கு செக்கனுள் இருமுறை சுடும் அக்கடுமையான போட்டியிலே, தம் மகனும் வேறு மூவரும் உடன் நிற்க, எழுபத்திரண்டு வயதிலே அவர் தம் நாட்டுக்குப் பதக்கம் ஈட்டிக் கொடுத்தார். அவ்விடம் அவருக்கு இரக்கத்தால் வந்ததன்று என்பதற்கு வேறு சான்று வேண்டுமோ?

1924ஆம் ஆண்டுப் பாரிஸ் விழாவுக்கும் அவர் தகுதி பெற்றார். அப்போது வயது 76. ஆனால் நோய் வந்து தடுத்தது, அவர் விலகிக்கொண்டார். மகன் அல்பிரெட் பாரிசுக்குச் சென்று ஒரு வெள்ளியும் இரு வெண்கலமும் பெற்றார். தகுதி உள்ளவரை நின்றார். உடல் இடந்தராதபொழுது இடம் விட்டார். நிற்பதற்கு வேண்டிய துணிவும், விலகுவதற்கு வேண்டிய தெளிவும் ஒருவரிடத்தே கூடியிருந்தமையே அவர் வாழ்வின் சிறப்பு என்று நாம் கருதுகின்றோம்.

1927ஆம் ஆண்டு மே மாதம் முதலாந் திகதி ஒஸ்கார் சுவான் ஸ்ரொக்கோமிலே தமது 79ஆம் வயதிற் காலமானார். அவர் பெற்ற ஒலிம்பிக் பதக்கங்கள் ஆறு: தங்கம் மூன்று, வெள்ளி ஒன்று, வெண்கலம் இரண்டு. அல்பிரெட் பெற்றவை ஒன்பது; தங்கம், வெள்ளி, வெண்கலம் மும்மூன்று. தந்தையும் மகனுமாக ஒரு குடும்பத்துக்குப் பதினைந்து பதக்கங்கள். மகனும் நெடுங்காலம் வாழ்ந்தாரல்லர். 1931இல் அவரும் மறைந்தார்.

1948இல் இலண்டனிலே யோன் கொப்லி என்னும் ஓவியர் 73 வயதிலே கலைப் போட்டியில் வெள்ளி பெற்றார். கலைப் போட்டிகளை நீக்கி விளையாட்டை மாத்திரம் நோக்கின், சுவானின் சாதனை நூறாண்டைக் கடந்தும் அழியாது நிற்கின்றது. அவர் சுட்ட மானோ நிற்கவில்லை. 1924க்குப் பின் நீக்கப்பட்டு, 1952இலும் 1956இலும் மீண்டும் தோன்றி மறைந்தது. அதன் வழிவந்த ஓடும் இலக்குப் போட்டியும் 2004ஆம் ஆண்டோடு ஒலிம்பிக் நிரலிலிருந்து நீங்கிற்று. போட்டி மறைந்தது, போட்டியிட்டவர் பெயர் நிலைத்தது.

நம் மாணவர்க்கு இவர் வாழ்க்கை சொல்வது யாது? இளமையிலே பரிசு கிட்டவில்லையே என்று எவரும் சோர வேண்டுவதில்லை. உலகம் சுவானை அறிந்தது அறுபதில். பழைய மாணவராகிய நமக்கு அது சொல்வது சற்றுக் கடுமையானது. வயது எவர்க்கும் உரிமையைத் தருவதுமில்லை, உரிமையைப் பறிப்பதுமில்லை. இலக்கு ஓடிக்கொண்டேயிருக்கின்றது, அது நேற்றிருந்த இடத்தை நோக்கிச் சுடுபவர் எவராயினும் தவறுவர். அது இனி எங்கே செல்லும் என்று நோக்கும் கண் எவரிடம் உண்டோ, நரைத்த தலையினராயினும் கருந்தலையினராயினும், அவரே அணியிலே நிற்கத் தக்கவர். வெண்தாடியோடு அன்ற்வேர்ப் விழாக் களத்தில் நின்ற அப்பெரியார் அத்தகையவர்.