ஆசிரியப் பணியும் ஆய்வுப் பட்டமும்: மு. வரதராசனார் வாழ்வை முன்வைத்து

முன்னுரை

கற்பித்தல் பணி ஆய்வேட்டுக்குத் தடையாகும் என்னும் கருத்து இன்றைய ஆய்வாளரிடையே பரவலாக உள்ளது. சவ்வாது மலையை அடுத்த திருப்பத்தூரில் ஆசிரியப் பணியைத் தொடங்கிய மு. வரதராசனாரின் (1912–1974) வாழ்வு வழி இக்கருத்தை இக்கட்டுரை ஆராய்கிறது.

திருப்பத்தூர்க் காலம்

பள்ளிப் படிப்புக்குப்பின் மு.வ. திருப்பத்தூர் வட்டாட்சியர் அலுவலகத்தில் எழுத்தரானார். உடல்நலம் குன்றியதால் அப்பணியை விட்டார். பின்னர் முருகைய முதலியாரிடம் தமிழ் பயின்றார். கல்லூரியில் சேராமல் தாமே கற்று, 1935இல் வித்துவான் தேர்வில் முதன்மையாகத் தேறினார். அவ்வாண்டே திருப்பத்தூர் நகராட்சி உயர்நிலைப் பள்ளியில் தமிழாசிரியரானார். பணியிலிருந்தவாறே பயின்று 1939இல் பி.ஓ.எல். பட்டம் பெற்றார்.

சென்னைக் காலம்

1939இல் பச்சையப்பன் கல்லூரியில் விரிவுரையாளராகச் சேர்ந்தார். தமிழ் வினைச்சொற்களை ஆராய்ந்து 1944இல் எம்.ஓ.எல். பட்டமும், சங்க இலக்கியத்தில் இயற்கை பெறும் இடத்தை ஆராய்ந்து 1948இல் முனைவர் பட்டமும் பெற்றார். சென்னைப் பல்கலைக்கழகத்தில் தமிழில் முனைவர் பட்டம் பெற்ற முதல்வர் இவரே. ஆதலின், அங்குப் பின்பற்றத்தக்க முன்னோடித் தமிழ் ஆய்வேடு எதுவும் இவர்முன் இல்லை.

முனைவர் பட்ட ஆய்வு 1957இல் ஆங்கில நூலாக வெளிவந்தது. பட்டம் பெற்ற மறு ஆண்டிலேயே, 1949இல், எளிய தமிழில் திருக்குறள் தெளிவுரை வெளியாயிற்று. ஆய்வுலகம் கேட்ட நுட்பமும் வகுப்பறை கேட்ட தெளிவும் ஒருவரிடமே வளர்ந்தமைக்கு இவ்விரு நூல்களும் சான்றாகும்.

1961 முதல் சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்த்துறைத் தலைவராகவும், 1971 முதல் மறையும்வரை மதுரைப் பல்கலைக்கழகத் துணைவேந்தராகவும் விளங்கினார். துணைவேந்தர் பொறுப்பிலிருந்தபோதே, 1972இல், சாகித்திய அகாதெமிக்காக இவர் எழுதிய தமிழ் இலக்கிய வரலாறு வெளிவந்தது.

முடிவுரை

வித்துவான் தேர்வுக்கும் முனைவர் பட்டத்துக்கும் இடைப்பட்டவை 13 ஆண்டுகள். அவை ஆசிரியப் பணியில் கழிந்தவை. எனினும், பணிச்சுமை ஆய்வைப் பாதிக்காது என இதனைக்கொண்டு முடிவு செய்தல் பொருந்தாது. மு.வ.வுக்கு நிலையான பணி இருந்தது. கற்பித்த பாடமும் ஆய்ந்த பொருளும் தமிழாகவே அமைந்தன. ஒவ்வொரு பட்டத்துக்கும் இடையே போதிய காலமும் கிடைத்தது. குறுகிய கால வரம்புக்குள், தம் ஆய்வுக்குத் தொடர்பற்ற பாடங்களை நிலையற்ற பணியில் கற்பிக்கும் ஆய்வாளருக்கு இம்மூன்றும் வாய்ப்பதில்லை. எனவே, ஆய்வுக்குத் தடையாவது கற்பித்தல் அன்று, அது நிகழும் சூழலே என்பது மு.வ. வாழ்வால் பெறப்படும் முடிவாகும்.