ஜோசப் ஃபூரியே

ஜான் பாப்டிஸ்ட் ஜோசப் ஃபூரியே (மார்ச் 21, 1768 – மே 16, 1830) பிரான்சு நாட்டுக் கணிதவியலாளரும் இயற்பியலாளரும் ஆவார். திடப்பொருளினுள் வெப்பம் பரவும் முறைக்கு முதன்முதலில் முழுமையான கணிதக் கோட்பாட்டை வகுத்தவர் இவரே. இவருடைய பெயரைத் தாங்கும் ஃபூரியே தொடர், ஃபூரியே உருமாற்றம் ஆகியவை கணிதத்திலும் பொறியியலிலும் அடிப்படைக் கருவிகளாக உள்ளன. எஞ்சின்கள், மின்மாற்றிகள், மின்சார ரயில்களின் இழுவை மோட்டார்கள் ஆகியவற்றின் வெப்பநிலையை முன்கூட்டியே கணக்கிடும் முறைகள் இவருடைய சமன்பாட்டிலிருந்தே தோன்றியவை.

இளமை

ஃபூரியே பிரான்சின் ஒசேர் என்னும் ஊரில் ஒரு தையற்காரரின் மகனாகப் பிறந்தார். சிறு வயதிலேயே தாய் தந்தையரை இழந்தார். ஒசேரில் பெனடிக்டின் துறவியர் நடத்திய இராணுவப் பள்ளியில் பயின்றபோது கணிதத்தில் பெரும் ஈடுபாடு கொண்டார். 1787-இல் துறவியாகும் எண்ணத்துடன் மடத்தில் சேர்ந்து, 1789-இல் உறுதிமொழி ஏற்காமலே வெளியேறினார். பிரெஞ்சுப் புரட்சியின்போது உள்ளூர்க் குழுவில் பங்கேற்ற இவர் 1794-இல் சிறைப்பட்டார். அதே ஆண்டு சூலையில் ரோபெஸ்பியர் வீழ்ந்த பின் விடுதலையானார். அடுத்த ஆண்டு பாரிசில் புதிதாகத் தொடங்கப்பட்ட ஆசிரியர் பயிற்சிக் கல்லூரியில் லக்ராஞ்சி, லாப்லாசு, மோஞ்சு ஆகியோரிடம் பயின்றார்.

எகிப்தும் கிரனோபிலும்

1798-இல் நெப்போலியனின் எகிப்துப் படையெடுப்புடன் சென்ற அறிஞர் குழுவில் ஃபூரியே இடம்பெற்று, கெய்ரோவில் நிறுவப்பட்ட கழகத்தின் செயலாளராகப் பணியாற்றினார். 1801-இல் நாடு திரும்பினார். அடுத்த ஆண்டில் நெப்போலியன் இவரை கிரனோபிலைத் தலைநகராகக் கொண்ட இசேர் மாவட்டத்தின் ஆட்சியராக்கினார். அங்கே சதுப்பு நிலங்களை வடியச் செய்ததும், கிரனோபிலிலிருந்து தூரின் நகர் நோக்கிச் சாலை அமைத்ததும் இவருடைய நிருவாகப் பணிகளாகும். வெப்பம் பற்றிய ஆய்வை இந்த அலுவல்களுக்கிடையில்தான் செய்தார்.

வெப்பக் கோட்பாடும் எதிர்ப்பும்

வெப்பநிலை எவ்வளவு செங்குத்தாக மாறுகிறதோ அவ்வளவு விரைவாக வெப்பம் பாயும் என்பது ஃபூரியேயின் அடிப்படை விதி. இதிலிருந்து, ஒரு பொருளின் ஒவ்வொரு புள்ளியிலும் ஒவ்வொரு நொடியிலும் வெப்பநிலை என்னவாகும் என்பதைத் தரும் சமன்பாட்டை வருவித்தார். அதைத் தீர்ப்பதற்கு, எத்தகைய சார்பையும் சைன், கோசைன் அலைகளின் கூட்டாக எழுதலாம் என்றார்.

1807 திசம்பரில் இதனைப் பாரிசு அறிவியல் கழகத்திடம் அளித்தார். தம் ஆசிரியரான லக்ராஞ்சி அந்தத் தொடர்களை ஏற்க மறுத்தார், கட்டுரை அச்சேறவில்லை. 1811-இல் விரிவாக்கி மீண்டும் அளித்தபோது பரிசு கிடைத்தது. ஆயினும் நிறுவல்களில் கண்டிப்பு போதவில்லை என்ற குறையும் உடன் சுட்டப்பட்டதால் அதுவும் அச்சேறவில்லை. பின்னர் ஆட்சியர் பதவியை இழந்தார். 1816-இல் கழகத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டும் மன்னர் பதினெட்டாம் லூயி ஒப்புதல் தர மறுத்தார். மறு ஆண்டு உறுப்பினரானார். 1822-இல், முதல் கட்டுரைக்குப் பதினைந்து ஆண்டுகள் கழித்து, வெப்பத்தின் பகுப்பாய்வுக் கோட்பாடு என்னும் நூல் வெளிவந்தது. அதே ஆண்டு கழகத்தின் நிரந்தரச் செயலாளரானார். குறை கூறியோர் கேட்ட கண்டிப்பான நிறுவலை 1829-இல் டிரிக்லே குறிப்பிட்ட வகைச் சார்புகளுக்கு அளித்தார்.

பொறியியலில் பயன்பாடு

எஞ்சின் உருளையில் எரியும் வளிமத்தின் வெப்பநிலை 2000 பாகை செல்சியசையும் தாண்டும். உலோகக் கலவையாலான பிசுடனோ 600 பாகையை ஒட்டியே உருகத் தொடங்கும். இருந்தும் பிசுடன் உருகுவதில்லை. விரைந்து ஏறி இறங்கும் வெப்பம் மேற்பரப்பின் மெல்லிய அடுக்கைத் தாண்டி உட்செல்லாது என்பது ஒரு காரணம். நாளின் வெயில் மண்ணில் சிறிதளவு ஆழமும் ஆண்டின் கோடை பல அடி ஆழமும் இறங்குவதை விளக்கிய ஃபூரியேயின் கணக்கு இங்கும் பொருந்துகிறது. சராசரி வெப்பத்தை எண்ணெயும் குளிர்நீரும் அகற்றுகின்றன.

1827-இல் ஓம், ஃபூரியேயின் வெப்பப் பாய்வைப் பின்பற்றி மின்னோட்டத்தின் கோட்பாட்டை அமைத்தார். இன்று அவ்வொப்புமை திரும்பி வந்துள்ளது: வெப்பநிலை வேறுபாட்டை மின்னழுத்தமாகவும் வெப்பப் பாய்வை மின்னோட்டமாகவும் கொண்டு, மோட்டாரையும் மின்மாற்றியையும் ஒரு மின்சுற்றைப் போல வரைந்து பொறியாளர்கள் கணக்கிடுகின்றனர். ரயில் புறப்படும்போதும் ஏற்றத்தில் ஏறும்போதும் மின்னோட்டம் மிகும். கம்பிச்சுருளில் உண்டாகும் வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்துக்கேற்ப உயரும். காப்புப் பொருள் கருகினால் மோட்டார் வீணாகும். சுருளின் உட்புறத்தை நேரில் அளப்பது கடினம். ஆதலால் எத்தனை நிமிடம் எவ்வளவு சுமை இழுக்கலாம் என்பதைக் கணக்கே கூறுகிறது. 1931-இல் சென்னைக் கடற்கரை–தாம்பரம் பாதையில் மின்சார ரயில் ஓடத் தொடங்கியது. பெரியகுளம் வட்டத்து ஜெயமங்கலம் அமைந்த தேனி மாவட்டத்தில், 2010 இறுதியில் மூடப்பட்ட மதுரை–போடிநாயக்கனூர் மீட்டர்பாதை, அகலப்பாதையாகி 2023-இல் போடி வரை திறக்கப்பட்டது. டீசலாயினும் மின்சாரமாயினும், இத்தகைய பாதைகளில் ஓடும் இழுவைப் பொறிகளின் வெப்ப வடிவமைப்புக்கு அடிப்படை ஃபூரியேயின் சமன்பாடே.

மறைவு

1830 மே மாதத் தொடக்கத்தில் படிகளில் தவறி விழுந்த ஃபூரியே, மே 16 அன்று பாரிசில் காலமானார். பெர் லசேசு கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் செய்யப்பட்டார். ஈபெல் கோபுரத்தில் பொறிக்கப்பட்ட 72 அறிஞர் பெயர்களுள் இவருடையதும் ஒன்று.