ஊசி மருந்து தந்த ஹாஃப்கின்

பாண்டுப்பில் மெதுவண்டி ஏறி, தாதருக்கு அடுத்த பரேலில் இறங்கி நடப்போர் நம்மவரில் பலர். கே.இ.எம். மருத்துவமனையும் டாடா நினைவு மருத்துவமனையும் அங்கே இருப்பதால், நோயுற்ற உறவினரைப் பார்க்கவோ, செவிலியர் பயிற்சிக்கோ, மருந்து வாங்கவோ அவ்வழியே செல்ல வேண்டியிருக்கிறது. அங்கே ஆசார்ய தோண்டே சாலையில் பழைய மாளிகை ஒன்று நிற்கின்றது. ஒரு காலத்தில் பம்பாய்க் கவர்னர்கள் குடியிருந்த இல்லம் அது. இன்று அதன் பெயர் ஹாஃப்கின் நிலையம். அப்பெயர் மராத்தியும் அன்று, ஆங்கிலமும் அன்று. அஃது யாருடைய பெயர்? நோயாளிக்கு ஊசி போடக் கற்றுக்கொள்ளும் நம் சகோதரிகளும் சகோதரர்களும் அவர் வரலாற்றை அறிந்திருத்தல் நன்று என்பதால் இதனை எழுதத் துணிந்தேன்.

வால்டெமர் ஹாஃப்கின் 1860ஆம் ஆண்டு மார்ச் 15ஆம் நாள் கருங்கடற்கரையில் உள்ள ஒடெசா நகரில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தார். ஒடெசா அன்று ருஷ்யப் பேரரசில் இருந்தது. இன்று உக்ரைனில் இருக்கிறது. அந்நகரப் பல்கலைக் கழகத்தில், பின்னாளில் நோபல் பரிசு பெற்ற மெச்னிகாஃப் என்பாரிடம் உயிரியல் பயின்றார். மாணவப் பருவம் அமைதியாகக் கழியவில்லை. 1881இல் யூதர்கள்மீது கலகக்காரர் பாய்ந்தபோது, தம் மக்களைக் காக்கத் திரண்ட இளைஞர் கூட்டத்தில் ஹாஃப்கினும் நின்றார்; சிறைப்பட்டார். ஆசிரியர் தலையிட்டதால் வெளியே வந்தார். படிப்பு முடிந்தது, திறமையும் வெளிப்பட்டது, பேராசிரியர் பதவி மட்டும் கிட்டவில்லை. மதம் மாறினால் கிட்டும் என்ற நிலை இருந்தது. அவர் மாறவில்லை.

1888இல் நாட்டைவிட்டு ஜெனீவாவுக்குப் போனார். மறு ஆண்டு பாரிஸ் நகரில் பாஸ்டர் நிலையத்தை அடைந்தார். அங்கே அவருக்குக் கிடைத்த வேலை ஆராய்ச்சியாளர் வேலை அன்று. நூலகத்தில் புத்தகம் எடுத்துக் கொடுக்கும் வேலை! ஓய்வு நேரத்தில் ஆய்வுக் கூடத்தில் நுழைந்து காலராக் கிருமியோடு போராடினார். ஊர்விட்டு ஊர் வந்து, படித்த படிப்புக்கு ஒவ்வாத வேலையில் அமர்ந்து, இரவில் தம் படிப்பைத் தொடரும் இளைஞர்கள் நம் மும்பையில் எத்தனை பேர்! அவர்களுக்கு இந்தப் பகுதியை விளக்க வேண்டுவதில்லை.

கிருமியைச் சீமைப்பெருச்சாளிகளின் உடலில் ஒன்றிலிருந்து ஒன்றாக முப்பத்தொன்பது முறை செலுத்தி அதன் வீரியத்தை ஏற்றினார். வேறொரு முறையால் வீரியம் குறைந்த கிருமியையும் ஆக்கினார். முதலில் குறைந்ததை ஊசியால் ஏற்றி, சில நாள் கழித்து மிகுந்ததை ஏற்றினால் உடல் தாங்கிக்கொள்ளும் என்பது அவர் கருத்து. விலங்குகள் தாங்கின. மனிதர்? 1892 ஜூலை 18 அன்று தம் உடலிலேயே குத்திக்கொண்டார். காய்ச்சல் வந்தது, வலி இருந்தது, பிழைத்தார்.

காலராவின் தாய்நாடு இந்தியா என்று அன்று கருதப்பட்டது. 1893இல் கல்கத்தாவில் வந்திறங்கினார். மறு ஆண்டு அந்நகரின் சேரி ஒன்றில் நோய் தோன்றியது. ஏறத்தாழ 200 பேர் வாழ்ந்த இடம். தமக்கும் உடன் வந்த மருத்துவர்களுக்கும் மக்கள் கண்முன்னே முதலில் ஊசி போடச் செய்தார். அதைப் பார்த்து 116 பேர் கை நீட்டினார்கள். அடுத்த நாட்களில் நோய் கண்டு மடிந்தவர்கள் கை நீட்டாதவர்களே. போட்டவரையும் போடாதவரையும் ஒரே இடத்தில் வைத்து ஒப்பிட்டுக் கணக்கெடுக்கும் முறையை அவர் எங்கும் கைவிடவில்லை. அஸ்ஸாம் தேயிலைத் தோட்டங்களில் கூலிகளிடையே அவ்வாறே செய்தார். 1895க்குள் 42,000க்கும் மேற்பட்டோர் ஊசி பெற்றனர். மலேரியா அவரைப் பிடித்தது. ஐரோப்பா சென்று உடல் தேறி மீண்டும் வந்தார்.

1896 செப்டம்பரில் பம்பாயின் மாண்ட்வி பகுதியில் பிளேக் தோன்றியது. அக்குளிலும் தொடையிடுக்கிலும் நெறி கட்டி, காய்ச்சல் ஏறி, சில நாட்களில் உயிர் போகும். ஊர் கலைந்தது; நகரத்தாரில் ஏறத்தாழப் பாதிப் பேர் சில திங்களில் வெளியேறினர் என்பர். அவர்களோடு நோயும் நாடெங்கும் சென்றது. பின்வந்த ஆண்டுகளில் இந்தியாவில் ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் மடிந்தனர். கோயம்புத்தூர்ப் பக்கம் பிளேக் மாரியம்மன் என்று இன்றும் ஒரு தெய்வம் கும்பிடப்படுகிறாள். அப்பெயரே அக்காலத்து அச்சத்திற்குச் சான்று. நம் மாதுங்காவும் ஒரு வகையில் அந்நோயின் விளைவே. நெரிசலைக் குறைக்க 1898இல் அமைந்த நகர மேம்பாட்டு டிரஸ்டு வகுத்த திட்டத்தில்தான் தாதர், மாதுங்கா, சயான் பகுதிகளில் ஒழுங்கான வீதிகள் எழுந்தன. பின்னர்த் தமிழர் அங்கே வந்து குடியேறினர்.

1896 அக்டோபரில் ஹாஃப்கின் பம்பாய்க்கு அழைக்கப்பட்டார். கிராண்ட் மருத்துவக் கல்லூரியில் ஓர் அறையும் ஒரு தாழ்வாரமும் கொடுத்தார்கள். ஓர் எழுத்தரும் சில சேவகர்களும் துணை. மூன்று திங்கள் இரவு பகலாக வேலை. உதவிக்கு வந்தவர்களில் ஒருவர் மனந்தளர்ந்து வீழ்ந்தார். வேறு சிலர் விலகிக்கொண்டனர்.

அவர் கையாண்ட முறை விஞ்ஞான மாணவனுக்குச் சுவையானது. இந்துவும் முஸ்லிமும் மறுக்காதபடி ஆட்டிறைச்சிக் குழம்பு எடுத்துக்கொண்டார். அதன்மேல் சில துளி நெய் விட்டார்! நெய் மிதக்கும், அதன் அடியைப் பற்றிக்கொண்டு பிளேக் கிருமிகள் ஆலம் விழுது போலக் கீழ்நோக்கித் தொங்கி வளரும். பாத்திரத்தை அசைத்தால் விழுதுகள் உதிரும், மீண்டும் வளரும். இவ்வாறு பல வாரம் வளர்த்து, சூடேற்றிக் கிருமியைக் கொன்று, கெடாதிருக்கச் சிறிது கார்பாலிக் அமிலம் சேர்த்துக் குப்பியில் அடைத்தார். இந்த அமிலத்தை நண்பர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன். கதை பின்னால் இங்கேதான் திரும்பும்.

1897 ஜனவரி 10ஆம் நாள், பின்னர்ப் பிறருக்குப் போட்டதைவிடக் கூடுதலான அளவை முதலில் தமக்கே போட்டுக்கொண்டார். அம்மாத இறுதியில் பைகுல்லாச் சிறைச்சாலையில் பிளேக் புகுந்தது. விரும்பி முன்வந்த கைதிகளுக்கு ஊசி, மற்றவர்களுக்கு இல்லை. போட்டவர்கள் பிழைத்தனர், போடாதவர்களில் சிலர் இறந்தனர்.

அரசோ, அதே ஆண்டில் கொள்ளைநோய்ச் சட்டம் இயற்றி, வீடுகளில் சிப்பாய்களை நுழைத்தது. பூனாவில் மக்கள் கொதித்தனர். பிளேக் அதிகாரி ராண்டு ஜூன் மாதத்தில் சுடப்பட்டார். வெள்ளையன் கொண்டுவரும் எதையும் நம்பாத அக்காலத்தில், ஊசி குத்தினால் சாவு என்ற வதந்தி பரவியதில் வியப்பில்லை. அச்சூழலில் இருபது வயதே நிரம்பிய ஆகா கான், தம் கோஜா சமூகத்தார் காணத் தாமே ஊசி போட்டுக்கொண்டார். ஆய்வுக்கு மஸ்காவில் தம் மாளிகை ஒன்றையும் அளித்தார். ஆயிரக்கணக்கானோர் பின்தொடர்ந்தனர். மருந்தின் ஆற்றல் குப்பியில் பாதி, கொடுப்பவர்மேல் உள்ள நம்பிக்கையில் பாதி என்று எனக்குத் தோன்றுகிறது. 1899 ஆகஸ்டு 10 அன்று கவர்னர் சாண்டர்ஸ்டு பிரபு பரேல் மாளிகையில் பிளேக் ஆராய்ச்சிக் கூடத்தைத் திறந்து வைத்தார். நம் ரயில் பாதையில் உள்ள சாண்டர்ஸ்டு ரோடு இவர் பெயரால் அமைந்ததே.

இனி அந்தத் துயர நாள்.

1902இல் பஞ்சாபில் நோய் முற்றியது. மாகாணம் முழுவதற்கும் ஊசி போடத் திட்டமிட்ட அரசு, பெருந்தொகையான மருந்தை விரைந்து கேட்டது. விரைவுக்காக ஹாஃப்கின் முறையைச் சற்று மாற்றினார். குழம்புக்குப் பதில் அகர்; கார்பாலிக் அமிலம் நீக்கப்பட்டது; சூடேற்றுவது ஒன்றே போதும் என்று கொண்டார். அக்டோபர் 30 அன்று, இன்று பாகிஸ்தானில் உள்ள மல்கோவால் என்னும் ஊரில் 107 பேருக்கு ஐந்து குப்பிகளிலிருந்து ஊசி போடப்பட்டது. ஏறத்தாழ ஒரு வாரம் கழித்து அவர்களில் 19 பேருக்குத் தாடை இறுகியது. டெட்டனஸ்! நம் ஊரில் ரண ஜன்னி என்பார்கள். பத்தொன்பது பேரும் மாண்டனர். அப்பத்தொன்பது பேருக்கும் மருந்து எடுக்கப்பட்டது ஒரே குப்பியிலிருந்து. அதன் எண் 53-என். மற்ற நான்கு குப்பிகளால் எவருக்கும் தீங்கில்லை.

விசாரணைக் குழு அமைந்தது. பம்பாய்த் தலைமை நீதிபதி ஜென்கின்ஸ் அதன் தலைவர். நஞ்சு பரேல் ஆய்வுக் கூடத்திலேயே சேர்ந்தது என்று குழு முடிவு கட்டியது. அமிலத்தை நீக்கியதையும் குறைகூறியது. ஹாஃப்கின் பதவியிலிருந்து விலக்கி வைக்கப்பட்டார். 1904இல் மனமுடைந்து லண்டன் சென்றார்.

ஆயின் குழுவின் ஏடுகளிலேயே வேறொரு செய்தி கிடந்தது. ஊரில் குப்பியைத் திறக்கும் நேரத்தில், ஃபோர்செப்ஸ் என்னும் இடுக்கி உதவியாளரின் கைதவறித் தரையில் விழுந்திருக்கிறது. அதைத் தீயில் காட்டாமல் கார்பாலிக் நீரில் அலசி எடுத்து, அதனாலேயே குப்பியின் அடைப்பானை இழுத்திருக்கிறார். செவிலியர் படிப்பில் உள்ளவர்கள் இவ்விடத்தில் நிமிர்ந்து உட்கார்ந்திருப்பார்கள். டெட்டனஸ் கிருமி மண்ணிலும் சாணத்திலும் தடித்த ஓடுடைய நுண்வித்தாக ஆண்டுக்கணக்கில் உயிரோடு கிடக்கும். கிருமிநாசினியில் ஒரு முறை அலசுவது அதற்கு மழையில் நனைவது போல. சாதாரணமாகக் கொதிக்க வைத்தாலும் சாகும் என்று உறுதி கூற முடியாது. அழுத்த நீராவியில் 121 டிகிரியில் குறைந்தது 15 நிமிடம் வைத்தால்தான் அடங்கும். கீழே விழுந்த கருவியை ஒதுக்கிவிட்டு வேறொன்றை எடுக்க வேண்டும் என்று இன்று முதலாண்டிலேயே கற்பிக்கிறார்கள். வார்டில் நாற்பது நோயாளிகள் காத்திருக்கும் வேளையில் கற்பித்தது நினைவில் நிற்குமா என்பதே கேள்வி. உடலில் புகுந்த கிருமி பெரும்பாலும் 3 முதல் 21 நாட்களுக்குள் தன்னைக் காட்டும். வாய் திறக்க முடியாமை வழக்கமான முதற்குறி. சிறு ஓசையும் வெளிச்சமும்கூட இசிவைத் தூண்டுமாதலால் அந்நோயாளியை அமைதியான, மங்கலான அறையில் கிடத்துவர். மல்கோவாலின் பத்தொன்பது பேரும் அந்த இசிவோடுதான் போராடி மாண்டிருக்க வேண்டும். பெயர்கூட நமக்குத் தெரியாத கிராமத்து மக்கள்!

லண்டன் லிஸ்டர் நிலையம் சான்றுகளை மீண்டும் ஆராய்ந்தது. மலேரியாவைக் கொசு பரப்புவதைக் கண்டு நோபல் பரிசு பெற்ற ரொனால்டு ராஸ் 1907இல் பத்திரிகையில் எழுதினார். அறிஞர் பலர் கையெழுத்திட்டனர். வாதம் எளியது. மருந்து குப்பியில் அடைக்கப்பட்டுத் திறக்கப்படும்வரை 41 நாட்கள். நஞ்சு முன்பே புகுந்திருந்தால் அத்தனை நாளில் உள்ளே பெருகி, திறந்தவுடன் நாற்றம் வீசியிருக்கும். திறந்தவர் எந்த நாற்றத்தையும் உணரவில்லை. ஏற்கெனவே பெருகிய நஞ்சு உடலில் ஏறியிருந்தால் ஒரு வாரம் காத்திராமல் நோய் விரைவிலேயே கண்டிருக்கும். 1907 இறுதியில் அரசு அவரை விடுவித்தது.

அவர் குற்றமற்றவர் என்பதில் எனக்கு ஐயமில்லை. எனினும் அமிலத்தை நீக்கியது சரியா என்று கேட்டால், அவசரம் ஒரு காவலை எடுத்துவிட்டது என்றே சொல்வேன். அவ்வளவு குறைந்த அமிலம் நுண்வித்தைக் கொன்றிராது. அது வளர்வதை ஓரளவு தடுத்திருக்கக் கூடும். இன்னொன்றும் கவனிக்கத்தக்கது. யாருக்கு எந்தக் குப்பி என்று அன்று எழுதி வைத்திராவிட்டால், ஐந்து குப்பிகளும் பழி ஏற்றிருக்கும். உண்மை எக்காலத்தும் வெளிவந்திராது. தடுப்பூசிப் பதிவேட்டில் மருந்தின் பெயரோடு தொகுதி எண்ணையும் காலாவதி நாளையும் எழுதச் சொல்கிறார்களே, அந்தக் கட்டத்தை நிரப்பச் சலிப்பவர்கள் 53-என் என்னும் எண்ணை ஒரு முறை எண்ணிப் பார்க்கலாம். பலருக்குப் போடும் குப்பியைத் திறந்தவுடன் நாளும் நேரமும் குறிப்பது, ஒவ்வொருவருக்கும் புது ஊசி எடுப்பது, போட்ட பின் அரைமணி நேரம் உட்கார வைத்துப் பார்ப்பது ஆகியவையும் இவ்வகைக் காவல்களே.

ஹாஃப்கின் மீண்டும் இந்தியா வந்தார். பம்பாய்ப் பதவி வேறொருவரிடம் இருந்ததால் கல்கத்தாவில் அமர்ந்தார். மக்களுக்கு ஊசி போடும் பணி அவருக்குத் தரப்படவில்லை. ஏட்டளவிலான ஆராய்ச்சியோடு நிறுத்தப்பட்டார். 1914இல் ஓய்வு பெற்று ஐரோப்பா சென்றார். மணம் செய்துகொள்ளவில்லை. இறுதிக் காலத்தில் யூத சமய வாழ்வில் ஆழ்ந்து, தம் செல்வத்தை யூத சமயக் கல்விக்கு எழுதி வைத்தார். அவர் தொடங்கிய கூடத்திலிருந்து 1897 முதல் 1925 வரை 2 கோடியே 60 லட்சம் அளவு பிளேக் ஊசி மருந்து வெளியே சென்றது. 1925இல் அக்கூடத்திற்கு அவர் பெயரையே சூட்டினார்கள். செய்தி அவருக்கு எட்டியது. 1930 அக்டோபர் 26 அன்று சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் காலமானார். 1964இல் இந்திய அஞ்சல் துறை அவர் உருவம் பொறித்த தலை ஒன்றை வெளியிட்டது.