47 வயதில் 22,735 அடி: நீளப் பாவாடையோடு பனிமலை ஏறிய ஃபேனி!

திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் கொடைக்கானல் பஸ்ஸுக்கு நிற்பவர்களைக் கவனிச்சிருக்கீங்களா? வெயில் மண்டையைப் பிளக்கும். ஆனால், கையில் ஸ்வெட்டர் இருக்கும். சுமார் 7,000 அடி உயரத்துக்கே நமக்கு இவ்வளவு ஏற்பாடு. அதைப்போல மூணு மடங்குக்கும் அதிகமான உயரத்தில், 1906-லேயே ஒரு பெண் ஏறி நின்றார்னா நம்புவீங்களா? அதுவும் பாவாடை கட்டிக்கொண்டு! அவர்தான் ஃபேனி புல்லக் வொர்க்மேன்.

1859-ல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் பிறந்தவர் ஃபேனி. அப்பா அந்த மாகாணத்தின் கவர்னராக இருந்தவர். செல்வத்துக்குக் குறைவே இல்லை. 1882-ல் டாக்டர் வில்லியம் ஹன்டர் வொர்க்மேனைக் கல்யாணம் செய்துகொண்டார். கணவர் 12 வயது மூத்தவர். மனைவியை மலையேறக் கூட்டிப்போனதே அவர்தான். மகள் ரேச்சல் பிறந்தாள். பிறகு குடும்பம் ஜெர்மனிக்குக் குடிபெயர்ந்தது. அங்கே பிறந்த மகன் சீக்ஃப்ரீட், 1893-ல் காய்ச்சல் கண்டு இறந்துபோனான். வயது நாலுதான்.

அதன்பிறகு ஃபேனி வீட்டில் தங்கியது குறைவு. மகளை வளர்க்கும் பொறுப்பு மற்றவர்கள் கைக்குப் போனது. கணவனும் மனைவியும் ஆளுக்கொரு சைக்கிளோடு கிளம்பினார்கள். அல்ஜீரியா, ஸ்பெயின் முடித்து 1897-ல் நம்ம பக்கம் வந்தார்கள். இந்தியாவின் தென்முனையிலிருந்து இமயமலை வரை, இலங்கை, பர்மா, ஜாவா எல்லாம் சேர்த்து இரண்டரை வருடத்தில் சுமார் 14,000 மைல்! டீத்தூள், சர்க்கரை, பிஸ்கட், ஆளுக்கொரு கம்பளி, பஞ்சர் ஒட்டும் சாமான்... மூட்டை அவ்வளவுதான். சில நாள்களில் 40 பஞ்சர்கூட ஒட்ட வேண்டியிருந்ததாம். கொசுக்கடி, எலி ஓடும் அறை எல்லாம் கூடுதல். கருவேல முள் டயரில் ஏறி, வண்டியை உருட்டிக்கொண்டு போன அனுபவம் உங்களுக்கு இருந்தால் அந்த வேதனை புரியும்.

சமவெளி வெயில் தாங்காமல் 1898-ல் இமயமலைப் பக்கம் போனார்கள். அந்த மலை ஃபேனியைப் பிடித்துக்கொண்டது. 1899-ல் காரகோரத்தில் தான் ஏறிய ஒரு சிகரத்துக்கு இறந்த மகனின் பெயரையே வைத்தார், சீக்ஃப்ரீட்ஹார்ன் என்று. 1906-ல் லடாக் பகுதியின் நுன் குன் மலைத்தொகுதியில் பினக்கிள் பீக் ஏறினார். உயரம் 22,735 அடி. அப்போது வயது 47. பெண்களில் அதுவரை யாரும் அவ்வளவு உயரம் ஏறியதில்லை. 1934 வரை அந்தச் சாதனையை யாரும் தொடவும் இல்லை.

இடையில் ஒரு போட்டி வந்தது. 1908-ல் ஆன்னி பெக் என்ற இன்னொரு அமெரிக்கப் பெண், பெரு நாட்டில் தான் ஏறிய சிகரம் அதைவிட உயரம் என்றார். ஃபேனி சும்மா இருப்பாரா? 13,000 டாலர் செலவழித்து, அளவையாளர்களை அனுப்பி மலையையே அளக்க வைத்தார். சுமார் 21,800 அடிதான் வந்தது. பிடிவாதம்னா இப்படி ஒரு பிடிவாதம்!

அந்தப் பிடிவாதத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. சுமை தூக்கிய மலைவாசிகளிடம் அவர் கடுமையாக நடந்துகொண்டார். பாதி வழியில் அவர்கள் விட்டுப்போனபோது, தன் புத்தகங்களில் அவர்களைத்தான் குறை சொன்னார். அவர்கள் முதுகில் ஏற்றிய மூட்டைகள் இல்லாமல் அவர் எந்தச் சிகரத்தையும் தொட்டிருக்க முடியாது. இதையும் நாம் சேர்த்தே நினைவில் வைக்கணும்.

1912-ல் சியாச்சின் பனிப்பாறைக்குப் போனார். ஆமாம், இன்று நம் ராணுவ வீரர்கள் காவல் நிற்கிற அதே சியாச்சின்தான். அங்கே உள்ள ஒரு கணவாய்க்கு லட்சுமியின் இன்னொரு பெயரான இந்திராவை வைத்தது ஃபேனிதான். இந்திரா கோல் என்றதும் பலருக்கும் இந்திரா காந்திதான் ஞாபகம் வருவார். பிரியதர்ஷினி பிறந்ததே அதற்கு ஐந்து வருடம் கழித்துத்தான்! அந்தப் பயணத்தில் கூட வந்த இத்தாலியர் ஒருவர், ஃபேனியின் கண் முன்னே பனிப்பிளவில் விழுந்து இறந்தார். மயிரிழையில் தப்பிய ஃபேனி, பயணத்தை நிறுத்தவில்லை. சுமார் 21,000 அடி உயரத்தில், பெண்களுக்கு ஓட்டுரிமை கேட்கும் பத்திரிகையை விரித்துப் பிடித்து போட்டோ எடுத்துக்கொண்டார். அமெரிக்கப் பெண்கள் எல்லோருக்குமான ஓட்டுரிமைச் சட்டம் வர இன்னும் எட்டு வருடம் இருந்தது.

1925-ல் பிரான்ஸின் கான் நகரில் ஃபேனி இறந்தபோது, உயிலில் 1,25,000 டாலர் எழுதிவைத்திருந்தார். நான்கு பெண்கள் கல்லூரிகளுக்கு! மகள் ரேச்சல் பின்னாளில் நிலவியல் படித்தார். நிலவியல் ஆய்வாளர் ஆனார்.

இனிமேல் உங்க வீட்டில் 40 தாண்டிய அம்மாவோ அக்காவோ சிறுமலைக்கு நடந்து போகணும்னு ஆசைப்பட்டால், இந்த வயசில் எதற்கு என்று கேட்காதீங்க. கூடவே கிளம்புங்க. மூட்டையைத் தூக்க வேண்டியது நீங்கதான்!